வான் அலைக்கும் துறைமுக விதி

இயற்கையே காவல் நின்று அமைத்துக் கொடுத்த துறைமுகங்கள் உலகில் மிகச் சிலவே. அவற்றுள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது திருகோணமலை. கொட்டியாரக் குடா பரந்து உள்ளே வர, அதன் வடபால் குன்றுகள் சூழ்ந்த உட்குடா, பெருங்கப்பல்களும் அஞ்சாது நங்கூரமிடத்தக்க ஆழத்தோடு விளங்குகிறது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மாறி மாறி நாட்டங்கொண்டது இந்த நீரின்மீதே. ஆயினும் எத்துணை ஆழமும் அகலமும் உடைய துறையானாலும், ஒழுங்கின்றிக் கப்பல்கள் அங்கே தங்க இயலா. ஒன்றன் நங்கூரச் சங்கிலி மற்றொன்றன் சங்கிலியோடு பின்னிவிடலாகாது. காற்றுத் திரும்பும்போது ஒரு கப்பல் சுழலும் வட்டத்துள் மற்றொரு கப்பல் நிற்கலாகாது. இரவில் எந்த விளக்கு எங்கே எரியவேண்டும் என்பதும் முன்னரே வகுக்கப்பட்டிருக்க வேண்டும். இவையெல்லாம் துறைமுக விதிகள்.

இந்த நீர்த்துறைக்கு மேலே, கண்ணுக்குப் புலனாகாத மற்றொரு துறை இருக்கின்றது. வானொலி, றேடார், தொலைபேசி, செய்மதித் தொடர்பு ஆகிய யாவும் ஒரே வெளியில்தான் நங்கூரமிட்டிருக்கின்றன. அங்கேயும் ஒன்றன் சங்கிலி மற்றொன்றோடு பின்னிக்கொள்ளும். மின்சாரத்தால் இயங்கும் ஒவ்வொரு கருவியும் தன் அயலைக் கெடுக்காமலும், அயலால் தான் கெடாமலும் தொழிற்பட வேண்டும் என்பதே இத்துறையின் முதல் விதி. இதனை இக்காலத்துப் பொறியியலாளர் மின்காந்த இணக்கம் என்பர். கருவியைத் தொடுபவனுக்கும் அது வைக்கப்பட்ட வீட்டுக்கும் தீங்கு நேரலாகாது என்பது இரண்டாவது விதி. இன்று ஒரு மின்குமிழோ கணினியோ கடைக்கு வருமுன் இவ்விரு விதிகளுக்கும் உட்பட்டதெனக் காட்டவேண்டிய கடமை பல நாடுகளில் உற்பத்தியாளர்மேல் சுமத்தப்பட்டிருக்கிறது. வாங்குவோர் பலருக்கு அது வெறும் முத்திரை. ஆனால் அம்முத்திரைக்குப் பின்னே உள்ள விதிகளிற் பல, யாரோ ஒருவர் கொடுத்த விலையால் எழுதப்பட்டவை. அந்த வரலாறு திருகோணமலைத் துறையைப் பன்முறை தொட்டுச் செல்கிறது.

வானொலி பிறப்பதற்கு நெடுங்காலம் முன்னரே கடலோடிகள் இந்த இடரைச் சந்தித்தனர். அன்று கெட்டது திசைகாட்டி, கெடுத்தது இரும்பு. 1817ஆம் ஆண்டு பம்பாயில், வாடியா குடும்பத்தாரின் கைவண்ணத்தில், தேக்குமரத்தால் ஒரு பிரித்தானியப் போர்க்கப்பல் கட்டப்பட்டது. 1782இல் திருகோணமலைக்கு அப்பாற் கடலில் நிகழ்ந்த போரை நினைவுகூர்ந்து அதற்குத் திருகோணமலை என்றே பெயரிட்டனர். இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் நகரிலே அந்தக் கப்பல் இன்றும் காட்சிப்பொருளாய் மிதக்கிறது. மரக்கலத்தில் திசைகாட்டியின் காந்த ஊசிக்கு இடையூறு குறைவு. ஆயினும் அங்கும் பீரங்கிகளும் ஆணிகளும் இரும்பே. கப்பலின் முகம் திரும்பும் திசைக்கேற்ப ஊசி காட்டும் திசையும் பிழைபடுவதை மத்தியூ பிளிண்டர்ஸ் என்னும் மாலுமி, அவுஸ்திரேலியக் கரையை அளந்த காலத்தில், அதாவது 1801க்கும் 1803க்கும் இடையில், கூர்ந்து நோக்கிக் குறித்தார்.

பின்னர்க் கப்பலின் உடலே இரும்பாயிற்று. கப்பல் முழுவதும் ஒரு பெருங்காந்தமாகி, தன் வழியைத் தானே மறைத்துக்கொண்டது. 1838இல் ஜோர்ஜ் ஏரி என்னும் வானியலறிஞர் ரெயின்போ என்ற இரும்பு நீராவிக் கப்பலை ஆராய்ந்து, திசைகாட்டியின் அருகே தக்க இடங்களில் சிறு காந்தங்களையும் மெல்லிரும்புத் துண்டுகளையும் வைத்து அந்த மயக்கத்தைத் தீர்க்கும் வழியைக் கண்டார். 1876இல் வில்லியம் தொம்சன், அதாவது பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப்பட்டவர், இந்தத் திருத்தத்தை எளிதாக்கும் புதிய திசைகாட்டி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அயலில் உள்ள பொருள் கருவியைக் கெடுக்கும், அந்தக் கேட்டை அளக்கலாம், அளந்ததைத் திருத்தலாம் என்ற மூன்று உண்மைகளும் இவ்வாறு கடலிலேதான் கற்கப்பட்டன. கப்பற்றளத்தில் வைக்கும் மின்கருவி திசைகாட்டியிலிருந்து எத்துணைத் தூரத்தில் இருக்கவேண்டும் என்பது இன்றும் அக்கருவியோடு குறிக்கப்படுகின்றது. கெல்வின் பிரபுவின் பெயர் இவ்வரலாற்றில் இன்னொரு முறையும் வரும்.

கம்பியில்லாத் தந்தி தோன்றியபோது இடையூறும் அதனோடு இரட்டைப் பிள்ளையாய்ப் பிறந்தது. முதற்காலத்து ஒலிபரப்பிகள் மின்பொறியைக் கிளப்பி அலை எழுப்பின. பொறி எழுப்பும் அலை ஒரே மீடிறனில், அதாவது விநாடிக்கு இத்தனை அதிர்வு என்ற ஒரே எண்ணிக்கையில், நிற்பதில்லை. அகன்ற பரப்பெங்கும் சிதறும். ஓர் அறைக்குள் ஒருவன் பறையறைந்தால் மற்றையோர் பேச்சு எவ்வாறு மூழ்குமோ, அவ்வாறே அருகிலுள்ள நிலையத்தின் முழக்கத்தில் தொலைவிலுள்ள நிலையத்தின் மெல்லிய குரல் மூழ்கிற்று. 1903இல் பேர்லினில் நாடுகள் கூடி ஆராய்ந்தன. 1906இல் அதே நகரில் முதலாவது அனைத்துலகக் கம்பியில்லாத் தந்தி உடன்படிக்கை உருவாயிற்று.

எனினும் விதி வலுப்பெறுவதற்கு ஒரு பெருந்துயர் வேண்டியிருந்தது. 1912 ஏப்ரல் 14ஆம் நாள் இரவு, தைத்தானிக் கப்பலின் தந்தியாளர் பயணிகளின் செய்திகளைத் தொலைவிலுள்ள கேப் றேஸ் நிலையத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அவ்வேளை அண்மையில் நின்ற கலிபோர்னியன் என்னும் கப்பல், தான் பனிக்கட்டிகளிடையே அகப்பட்டு நிற்பதைத் தெரிவிக்க முயன்றது. கிட்ட நின்று எழுப்பிய அந்தக் குரலின் பேரோசை, தைத்தானிக் செவிமடுத்துக் கொண்டிருந்த மெல்லிய குறிகளை அமுக்கிவிட்டது. இடையூறு செய்யாதே என்ற கருத்திலேயே அதற்கு விடை கிடைத்தது. கலிபோர்னியனின் தந்தியாளர் சிறிது நேரத்தில் கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றார். பின்னர்த் தைத்தானிக் எழுப்பிய அபயக் குரலை அவர் கேட்கவில்லை. ஏறத்தாழ 1500 பேர் மாண்டனர். அதே ஆண்டில் இலண்டனில் கூடிய மாநாடு அபயக் குறிக்கு முதலிடம் அளிக்கும் விதிகளை உறுதிப்படுத்தியது. 1914இல் கடலில் உயிர்க்காப்புப் பற்றிய முதல் அனைத்துலக உடன்படிக்கை கையொப்பமாயிற்று. 1927இல் வாஷிங்டன் மாநாடு பொறி ஒலிபரப்பிகளைப் படிப்படியாக விலக்கவும், ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி மீடிறன் வரிசைகளை ஒதுக்கவும் வகைசெய்தது.

இதற்கிடையே இலங்கையிலும் வானொலி ஒலிக்கத் தொடங்கிற்று. 1921இல் தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராக வந்த எட்வேர்ட் ஹாப்பர், 1923இல் சோதனை ஒலிபரப்புக்களை நடத்தினார். கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலி உறுப்புக்களைக் கொண்டே அந்த ஒலிபரப்பி ஆக்கப்பட்டதென்பர். போருக்கென அமைந்த உறுப்பு இன்னிசைக்குப் பயன்பட்டது. 1925 டிசம்பர் 16ஆம் நாள் கொழும்பிலிருந்து ஒழுங்கான ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று.

வானொலி வீட்டுக்குள் வந்தபோது புதிய பகைவர்கள் தோன்றினர். அவர்கள் வேறு நிலையங்களல்லர். வீட்டு மின்விசிறியும், தெருவில் ஓடும் மோட்டார் வண்டியின் பொறியூட்டியும், மின்தொடுப்பில் ஓடும் டிராம் வண்டியும், கடைவாயிலின் வண்ணவிளக்குமே. மின்சுற்று துண்டிக்கப்படுமிடத்தெல்லாம் சிறு பொறி எழுகிறது. ஒவ்வொரு பொறியும் அனுமதி பெறாத ஒரு குட்டி ஒலிபரப்பி. பாட்டுக்கிடையே எழும் கரகரப்பு அதன் வேலை. ஒரு நாடு விற்கும் இயந்திரம் மற்றொரு நாட்டு நேயரின் செவியைக் கெடுப்பதால், ஒரு நாட்டுச் சட்டம் மட்டும் போதவில்லை. அனைத்துலக மின்தொழில்நுட்ப ஆணைக்குழு என்ற நிறுவனம் 1906இல் இலண்டனில் தோன்றியிருந்தது. அதன் முதல் தலைவர் திசைகாட்டியைத் திருத்திய அதே கெல்வின் பிரபு. அந்த ஆணைக்குழுவின் ஆதரவில் 1933இல் பரிஸ் நகரில் கூடிய அறிஞர்கள் வானொலி இடையூறு பற்றிய தனிக்குழு ஒன்றை அமைத்தனர். சிஸ்பர் என்னும் அதன் சுருக்கப் பெயரே இன்று உலகெங்கும் இடையூற்று அளவை விதிகளுக்குப் பெயராய் நிலவுகின்றது. 1934இல் அதன் முதற்கூட்டம் நிகழ்ந்தது.

அக்குழு எதிர்கொண்ட வினா சுவையானது. கரகரப்பை எப்படி அளப்பது? பத்து விநாடிக்கு ஒருமுறை எழும் பலத்த வெடிப்பொலி ஒன்றை நேயர் பொறுத்துக்கொள்வார். அதே வெடிப்பு விநாடிக்கு நூறுமுறை எழுந்தால் பொறுக்கமாட்டார். அலையின் உச்ச வலுவை மட்டும் அளந்தால் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆதலால், இடையூறு எத்தனை விரைவில் திரும்பத் திரும்ப வருகிறதோ அதற்கேற்ப முள் உயர்ந்து காட்டும் அளவுகருவி ஒன்றை வகுத்தனர். மனிதச் செவிக்கு எரிச்சலூட்டும் அளவே அதன் அளவுகோல். இன்றும் ஒரு கருவி பரிசோதனைக்கூடத்தில் அளக்கப்படும்போது அந்த முறை கையாளப்படுகிறது. எத்துணைப் புதிய கணினியாயினும், முப்பதுகளில் வால்வு வானொலியின் முன் அமர்ந்திருந்த நேயரின் செவியே அதற்கும் ஒரு நடுவர் என்றால் மிகையாகாது.

இரண்டாம் உலகப்போர் வந்தபோது, வானலையின் தூய்மை இன்னிசையளவில் நில்லாது உயிர்க்காப்பாயிற்று. றேடார் என்னும் கருவி வலிய அலைத்துடிப்பொன்றை வெளியே எறிந்து, எதிரே உள்ள பொருளில் அது பட்டுத் திரும்பும் எதிரொலிக்காகக் காத்திருக்கிறது. அனுப்பிய ஆற்றலில் கோடியில் ஒரு பங்குகூடத் திரும்புவதில்லை. அத்தனை மெல்லிய முணுமுணுப்பைக் கேட்கவேண்டிய செவிக்கு அயலில் சிறு சந்தடியும் ஆகாது.

1942 ஏப்ரல் 5ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. முன்னறிவிப்பு உரிய காலத்தில் கிட்டவில்லை. காவல் விமானங்கள் பல நிலத்தில் நிற்கும்போதே பகைவர் தலைமேல் வந்துவிட்டனர். நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9ஆம் நாட் காலை, திருகோணமலையின் முறை வந்தது. ஆனால் இம்முறை அங்கிருந்த றேடார் நிலையம் ஏறத்தாழ 90 மைலுக்கு அப்பாலேயே விமானக் கூட்டத்தைக் கண்டுகொண்டது. சீனன்குடா விமானத்தளத்திலிருந்து காவல் விமானங்கள் முன்னரே மேலெழுந்தன. துறைமுகமும் எண்ணெய்த்தாங்கிகளும் விமானத்தளமும் சேதமுற்றன என்பது உண்மை. ஆயினும் நகரம் அறியாமல் அகப்படவில்லை. முதல்நாள் இரவே துறையைவிட்டு அகற்றப்பட்ட ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலோ தப்பவில்லை. மட்டக்களப்புக்கு அண்மைக் கடலில் பகை விமானங்கள் அதனைக் கண்டு மூழ்கடித்தன. அக்கப்பலில் இறந்தவர் 307 பேர். உதவிக்கு வந்த விமானங்கள் காலந்தாழ்த்தே வந்தன. ஒரு செய்தி உரிய வேளையில் உரிய செவிக்கு எட்டுவதும் எட்டாமையும் எத்துணை வேறுபாடு விளைக்கும் என்பதற்கு அந்த ஏப்ரல் மாதமே சான்று.

1944இல் கீழ்த்திசைக் கடற்படை மீண்டும் திருகோணமலையில் நிலைகொண்டது. அவ்வாண்டு ஏப்ரலில் சுமாத்திராவின் சபாங் துறையைத் தாக்கப் புறப்பட்ட அணியில் பிரித்தானிய, அமெரிக்க, பிரெஞ்சு, ஒல்லாந்த, அவுஸ்திரேலிய, நியூசிலாந்துக் கப்பல்கள் கலந்திருந்தன. ஆறு நாட்டுக் கப்பல்கள் ஒரே குடாவில் நின்றமையால், ஆறு நாட்டு வானலைகளும் ஒரே வெளியில் நின்றன. ஒரு போர்க்கப்பலின் பாய்மரமும் அன்று ஒரு சிறு துறைமுகமே. ஒலிபரப்பி, ஏற்பி, திசைகாணும் சுருள், றேடார் யாவும் சில அடி இடைவெளியில் அங்கே நெருங்கி நின்றன. ஒன்று பேசும்போது அடுத்தது செவிடாகாதிருக்க, மீடிறன்களைப் பங்கிடவும், நேரத்தை வகுக்கவும், கம்பிகளுக்கு உலோக உறை அணியவும், உறையை நிலத்தோடு பிணைக்கவும் பொறியியலாளர் கற்றுக்கொண்டனர். போரின் பின் இந்த அறிவு நாட்டுப் பயனுக்கு இறங்கிவந்தது.

இலங்கையில் 1944ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புக் கட்டளைச் சட்டம் வானலையை அரசின் ஒழுங்குக்குள் வைத்தது. போர்க்காலத்துத் தென்கிழக்காசியக் கட்டளைப்பீடத்தின் ஒலிபரப்பு வசதிகள், 100 கிலோவாற்று வலுவுள்ள ஏக்கலை ஒலிபரப்பி உட்பட, 1949இல் இலங்கை அரசின் கைக்கு வந்து, இலங்கை வானொலியின் குரலைத் தென்னாசியா முழுவதும் கொண்டுசென்றன. 1957 அக்டோபர் 15ஆம் நாள் திருகோணமலைக் கடற்படைத் தளமும் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது.

ஐம்பதுகளில் வானொலிப் பெட்டி சிற்றூர்களுக்கும் சென்றபோது இரண்டாவது விதியின் இன்றியமையாமை வெளிப்பட்டது. மலிவான வால்வுப் பெட்டிகள் சிலவற்றில் மின்மாற்றி இல்லை. உள்ளே உள்ள உலோகத் தட்டு நேரே மின்வழங்கற் கம்பியோடு தொடுக்கப்பட்டிருக்கும். மரப்பெட்டியும் பக்கலைற்றுக் குமிழும் காவலாய் உள்ளவரை ஆபத்தில்லை. குமிழ் கழன்று உலோகத் தண்டு வெளிப்பட்டால், ஒலியைக் கூட்டப்போன கை உயிரை இழக்க நேரும். 1952இல் அனைத்துலக மின்தொழில்நுட்ப ஆணைக்குழு வானொலிப் பெட்டிகளின் பாதுகாப்புக்கென 65ஆம் இலக்க வெளியீட்டை வழங்கியது. அரை நூற்றாண்டுக்கு மேல் திருத்தித் திருத்தி வழங்கிய அந்த நியமத்தின் இடத்தை இப்போது 62368 என்னும் இலக்கமுடைய நியமம் பெற்றிருக்கிறது. அதன் சிந்தனை எளியது: தீங்கு செய்யவல்ல ஆற்றல் ஒருபுறம், மனிதன் மறுபுறம், இடையே ஒரு காப்பு. அந்தக் காப்பு ஒன்று பழுதானாலும் மற்றொன்று நிற்கவேண்டும்.

இலங்கையில் 1964ஆம் ஆண்டின் சட்டம் கட்டளைகள் பணியகம் ஒன்றை அமைத்தது. அதுவே 1984ஆம் ஆண்டின் சட்டத்தால் இலங்கைக் கட்டளைகள் நிறுவனமாயிற்று. விதி எத்துணைக் காலந்தாழ்த்து வரும் என்பதற்கு மின்செருகியின் கதையே சான்று. 5 அம்பியர், 15 அம்பியர் வட்டமுனைச் செருகிகளும் 13 அம்பியர் சதுரமுனைச் செருகியும் ஒரே வீட்டில் நெடுங்காலம் கலந்திருந்தன. பொருந்தாதவற்றை இடைச்செருகிகளால் பொருத்திச் சமாளித்தனர். 2016இலேயே பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் முயற்சியால் 13 அம்பியர் சதுரமுனை ஒன்றே நாட்டின் நியமமாகத் தெரிந்தெடுக்கப்பட்டது.

திரான்சிஸ்டரும் கணினியும் வந்தபின் இடையூற்றின் முகம் மாறியது. பழைய இயந்திரம் பொறியால் கெடுத்தது. புதிய கருவியோ தன் உள்ளே விநாடிக்கு இலட்சக்கணக்கான முறை மின்னோட்டத்தைத் திறந்து மூடுவதால் கெடுக்கிறது. அதேவேளை வால்வைவிட மெல்லிய உடம்புடையதாதலால் விரைவில் தானும் கெடுகிறது. அமெரிக்காவில் வீட்டுக் கணினிகளும் மின்விளையாட்டுக் கருவிகளும் தொலைக்காட்சியைக் குழப்பியதால் 1979இல் அவற்றுக்கு எல்லை விதிக்கப்பட்டது. ஐரோப்பிய நாடுகள் 1989இல் ஒரு பொதுப் பணிப்புரையை இயற்றி, 1996 ஜனவரி 1 முதல் அதனைக் கட்டாயமாக்கின. பிறரைக் கெடுக்காமை, பிறரால் கெடாமை ஆகிய இரண்டும் ஒருங்கே சட்டமானது அப்பொழுதுதான்.

இரண்டாவது பாதி ஏன் வேண்டும் என்பதைக் கடல் முன்னரே காட்டியிருந்தது. 1945இல் ஆதர் சி. கிளார்க் என்னும் இளைஞர், புவியோடு ஒத்துச் சுழலும் செய்மதிகள் மூலம் உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என எழுதினார். பின்னர் இலங்கையைத் தம் இல்லமாக்கி, கோணேசர் மலையடிக் கடலில் மூழ்கி ஆராய்ந்தவர்களுள் ஒருவராய் இவ்வூரார்க்கு அறிமுகமானவரும் அவரே. அவர் கண்ட கனவு நனவாகி, எண்பதுகளில் போர்க்கப்பல்கள் செய்மதி வழியே பேசின. 1982 மே 4ஆம் நாள், போக்லன்ட் போரில், ஷெபீல்ட் என்னும் பிரித்தானியக் கப்பல் அவ்வாறு தலைமையகத்தோடு பேசிக்கொண்டிருந்தது. அந்த ஒலிபரப்பு, பகை விமானத்தின் றேடாரைக் கண்டு எச்சரிக்கவேண்டிய ஏற்பியைச் செயலிழக்கச் செய்தது. வேறு கவனக்குறைவுகளும் அன்று சேர்ந்துகொண்டன. ஏவுகணை தாக்கியது, 20 பேர் உயிரிழந்தனர், ஆறு நாளில் கப்பலும் மூழ்கிற்று. இரு கருவிகளும் தனித்தனியே சிறந்தவை. சேர்ந்து வாழத் தெரியாதவை.

வான் அலையும் துறைமுகமும் ஒரே மூச்சில் பேசப்பட்ட ஆவணமொன்றும் திருகோணமலையின் வரலாற்றில் உண்டு. 1987 ஜூலை 29ஆம் நாள் இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு இரு தலைவர்களும் கடிதங்களைப் பரிமாறிக்கொண்டனர். இந்தியாவின் நலனுக்கு ஊறுசெய்யும் முறையில் திருகோணமலை உள்ளிட்ட இலங்கைத் துறைமுகங்கள் பிறநாட்டுப் படைத்தேவைக்கு விடப்படலாகாது என்ற விடயமும், அயல்நாட்டு ஒலிபரப்பு நிறுவனங்களின் வசதிகள் பொது ஒலிபரப்புக்கு மட்டுமே பயன்பட வேண்டும் என்ற விடயமும் அக்கடிதங்களில் அடுத்தடுத்து இடம்பெற்றன. திருகோணமலை மாவட்டத்தில் அப்போது ஜேர்மன் வானொலியின் அஞ்சல் நிலையம் இயங்கிக்கொண்டிருந்தது. அந்நிலையம் 2010களின் தொடக்கத்தில் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தைச் சேர்ந்தது. அயலவர் நம்பிக்கை இல்லாமல் வானலையை ஆள முடியாதென்பது கருவிகளுக்கு மட்டுமன்றி அரசுகளுக்கும் பொருந்தும்.

இலங்கையில் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டமும், 1996இல் அதன் திருத்தத்தால் அமைந்த தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் வானலைக் கருவிகளுக்கு உரிமமும் ஒழுங்கும் வகுக்கின்றன. பாக்கு நீரிணைக்கு அப்பால், சென்னைத் தரமணியில், சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் இத்தகைய பரிசோதனைகளை நடத்துகிறது. எதிரொலி எழாவண்ணம் சுவரெங்கும் கூம்புகள் பதித்த அறையில் கருவியை மேசைமேல் வைத்துச் சுழற்றி, எதிரே நிற்கும் அலைவாங்கியால் அளப்பது வழக்கம். வீட்டுக் கணினி போன்ற கருவியிலிருந்து 10 மீற்றர் தொலைவில், 30 முதல் 230 மெகாஹேர்ட்ஸ் வரையிலான வரிசையில், அலையின் வலு மீற்றருக்கு ஏறத்தாழ 32 மைக்ரோவோல்ற்றைத் தாண்டலாகாது. மைக்ரோவோல்ற்று என்பது ஒரு வோல்ற்றின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. அதன்பின் தாங்குதிறன் பார்க்கப்படும். உலர்ந்த நாளில் கைவிரலிலிருந்து பாயும் நிலைமின் பொறியைப்போல் ஆயிரக்கணக்கான வோல்ற்றுப் பொறியைக் கருவிமேல் பாய்ச்சி, அது தடுமாறாது இயங்குகிறதா என நோக்குவர்.

இத்தனையும் சிறு உற்பத்தியாளனுக்குப் பெருஞ்சுமை என்ற முறையீடு புறக்கணிக்கத்தக்கதன்று. பரிசோதனைக் கட்டணம் மிகுதி. தோல்வியுற்றால் திருத்தி மீண்டும் வரவேண்டும். ஆனால் அனுபவம் கூறுவது வேறொன்று. இறுதியில் ஒட்டுப்போடுவதே செலவு. தொடக்கத்திலேயே மின்வழியில் ஒரு சிறு வடிகட்டி, செம்மையான புவித்தொடுப்பு, கம்பிகளைக் குறுக்கி நெருக்கிய அமைப்பு ஆகியவற்றைக் கருதினால் செலவு சிறிது. கணினிக் கம்பிகளிற் சிலவற்றில் உருளைபோல் தடித்துக் காணப்படும் பகுதி அத்தகைய எளிய காப்பே. உள்ளே இருப்பது காந்தத்தன்மை கொண்ட மண்வளையம். அதைவிடக் கொடிய இடர் போலி முத்திரை. பெரும்பாலான பொருள்களில் முத்திரையை இடுபவன் உற்பத்தியாளனே. தன் பொருள் விதிக்கு உட்பட்டதென அவன் தரும் வாக்குறுதியே அது. விலையைக் குறைக்க வடிகட்டியை நீக்கிவிட்டு முத்திரையை மட்டும் வைத்திருப்பவன், வாங்குபவனை மட்டுமன்றி அவன் அயலாரையும் வஞ்சிக்கிறான்.

அந்த வஞ்சனை கடலில் எவ்வாறு முடியும் என்பதற்கு அண்மைக்கால எச்சரிக்கை ஒன்றுண்டு. 2018 ஓகஸ்ட் மாதம் அமெரிக்கக் கரையோரக் காவற்படை கப்பல்களுக்கும் படகுகளுக்கும் ஓர் அறிவித்தல் விடுத்தது. தளங்களில் புதிதாய்ப் பொருத்தப்பட்ட எல்.இ.டி. விளக்குகள் சில, கடல் வானொலியையும் கப்பல்கள் தம்மைத் தாமே அடையாளங்காட்டும் கருவியையும் செவிடாக்குகின்றன என்பதே அதன் சாரம். விளக்கினுள் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சிறு சுற்றே அதற்குக் காரணம். அதிலிருந்து சிதறும் அலை, அபய அழைப்புக்கு உரிய 16ஆம் அலைவரிசையின் 156.8 மெகாஹேர்ட்ஸ் வரை எட்டக்கூடும். கரை நிலையம் அழைத்தும் படகில் இருப்போர் கேட்காமற் போவர். தம் வானொலி நன்றாகவே இயங்குகிறது என்று அவர்கள் எண்ணியிருப்பதுதான் இதிலுள்ள பேராபத்து.

திருகோணமலையின் மீனவர்க்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று. கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து பலநாட் படகுகள் ஆழ்கடலுக்குச் செல்கின்றன. 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீன்களுக்கு விதித்த தடை, படகுகளின் நடமாட்டத்தைக் கண்காணிக்கும் செய்மதிக் கருவிகள் பெருமளவில் பொருத்தப்படுவதற்கு ஒரு காரணமாயிற்று. 2016இல் தடை நீங்கியது. வானொலியும், திசையறி கருவியும், மீன்காட்டும் கருவியும், செய்மதிப் பெட்டியும், விளக்குகளும் இன்று சில அடி அகலமுள்ள ஒரே அறையில் கூடியிருக்கின்றன. 1944இல் போர்க்கப்பலின் பாய்மரத்தில் இருந்த நெருக்கடியே இது. அன்று அதனைத் தீர்க்கப் பொறியியலாளர் இருந்தனர். இன்று படகுக்காரனே அதனை அறிந்திருக்க வேண்டும்.

அதற்கு அவ்வறிவித்தலே ஓர் எளிய சோதனையையும் கூறியது. எல்.இ.டி. விளக்குகளை அணைத்துவிட்டு, வானொலியை ஒருவரும் பேசாத அலைவரிசையில் வைக்கவேண்டும். இரைச்சலை அடக்கும் குமிழைச் சிறிது சிறிதாகத் திருப்பி, இரைச்சல் ஓய்ந்த இடத்தில் நிறுத்தவேண்டும். பின்னர் விளக்கை ஏற்றிப் பார்க்கவேண்டும். இரைச்சல் மீண்டும் எழுமாயின் அந்த விளக்கே குற்றவாளி. எழாதாயினும், இடையூறு இல்லவே இல்லை என்று முடிவுகட்டாது, விளக்கையும் அதன் கம்பியையும் அலைவாங்கியிலிருந்து இயன்றவரை அகற்றி வைப்பது நன்று. இதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை; கரையை விட்டுப் புறப்படுமுன் ஐந்து நிமிடம் போதும். ஏரி இரும்புக் கப்பலில் செய்ததும் இதுவே. அயலை அறிந்து, கேட்டை அளந்து, பின் திருத்தினார்.

கடைக்குச் செல்வோர் பொருளின் விலையைக் கேட்பதோடு அதன் முத்திரை உண்மையானதா என்றும் கேட்கப் பழகவேண்டும். விற்போர் பற்றுச்சீட்டுக் கொடுக்கவும், பொருள் எங்கே பரிசோதிக்கப்பட்டது எனச் சொல்லவும் பழகவேண்டும். அதிகாரிகள் துறைமுகத்தில் இறங்கும் பொருளை ஏட்டளவில் மட்டுமன்றி மேசைமேல் வைத்தும் பார்க்கவேண்டும். இவை சிறிய கடமைகள். ஆயினும் கொந்தளிக்கும் வாடைக்காற்றுக் காலத்தில், நள்ளிரவில், வங்கக்கடலில் ஒரு படகு உதவி கேட்டு அழைக்கும்போது, அந்தக் குரலுக்கும் கரைக்கும் இடையே ஒரு மலிவான விளக்கு நின்று மறிக்கலாகாது. அது மறியாதிருக்கச் செய்வதே இத்தனை மாநாடுகளும் சட்டங்களும் அளவைகளும் கருதிய பயன்.